ஒக்மெய்தான் மேட்டில் இரண்டு நாட்கள்

தொழுகைக்குத் தக்பீர் கட்டுமுன் இமாம் பின்னே திரும்பி, "ஸஃப்புகளை நேராக்கிக் கொள்ளுங்கள்" என்று சொல்வதை நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். திரைக்கு அப்பால் நிற்கும் சகோதரிகளுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் அப்படிச் சொல்பவர்களில் நானும் ஒருவனாக இருக்கலாம். இருபது வருடங்களுக்கு மேலாகச் சொல்லி வருகிறேன். வகுப்பிலே அதற்கு ஆதாரமான ஹதீஸையும் பாடமாக நடத்தி வருகிறேன்.

நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அது. ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் வரிசைகளை நேராக்கிய விதத்தை அவர் விவரிக்கும் போது, அம்புத்தண்டுகளை நேராக்குவது போல நேராக்குவார்கள் என்கிறார். அந்த இடத்தில் வரும் அரபுச் சொல் 'கிதாஹ்'. இறகும் முனையும் பொருத்துவதற்கு முன்னுள்ள வெறும் தண்டுக்கு 'கித்ஹ்' என்று பெயர். அதன் பன்மையே கிதாஹ். அகராதியைப் பார்த்து நானும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் சகோதரிகளே, ஒரு அம்புத்தண்டை யாராவது நேராக்குவதை நான் என் கண்ணால் கண்டது கிடையாது. உவமையின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

இன்னொரு விடயமும் மனதிலே முள்ளாக இருந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு நாள் புகாரி ஷரீபில் அபூ ஸயீத் அல்குத்ரி (ரழி) அவர்களின் ஹதீஸ் பாடம். மார்க்கத்திலிருந்து வெளியேறிச் செல்லும் ஒரு கூட்டத்தாரை, வேட்டைப் பிராணியைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் வெளியேறும் அம்புக்கு ஒப்பிடும் செய்தி. அதிலே அம்பின் உறுப்புக்கள் வரிசையாக வரும்: நஸ்ல், ரிஸாஃப், நளிய், குதத். முனை, அதன் மேல் சுற்றும் தசைநார்க் கட்டு, தண்டு, இறகுகள். பின்வரிசையிலிருந்த ஒரு மாணவர் எழுந்தார். கிழக்கிலே ஒரு கிராமத்து ஓடாவியின் மகன். "உஸ்தாத், இரும்பு மரத்துக்குள்ளே இறங்கித்தானே இருக்குது. பிறகு ஏன் மேலே நாரால கட்ட வேணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "தேவையில்லாத கேள்வி, உட்காரும்" என்றேன். அந்த வருடம் முடியுமுன்னே வாப்பாவின் சுகவீனம் காரணமாக அவர் கல்லூரியை விட்டுப் போய்விட்டார். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

2024 ஆம் ஆண்டு உம்ராவை முடித்துத் திரும்பும்போது எங்கள் குழுவின் பயணம் இஸ்தான்பூல் வழியாக அமைந்தது. அங்கே மூன்று நாட்கள் தங்கல். முதல் நாள் எல்லோரோடும் சேர்ந்து சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலையும், 2020 இல் மீண்டும் பள்ளிவாசலாக்கப்பட்ட அயா ஸோபியாவையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் எழுதப் போவதில்லை. மீதி இரண்டு நாட்களுக்கும் குழுவிலிருந்து விடுப்புப் பெற்றுக்கொண்டு நானும் துணைவியாரும் ஒக்மெய்தானுக்குப் போனோம். அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் நாட்டு மாணவர் ஒருவர் துருக்கி மொழி பேசுவதற்குத் துணையாக வந்தார்.

'ஒக்' என்றால் துருக்கியில் அம்பு. 'மெய்தான்' நாம் பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்துக்குச் சொல்லும் அதே மைதானந்தான். கோல்டன் ஹோர்ன் என்ற நீரேரிக்கு மேலே, காஸிம்பாஷா பக்கத்து உயரத்தில் இருக்கிறது அது. 1453 இல் நகரைக் கைப்பற்றிய சுல்தான் முஹம்மத் அல்பாத்திஹ் இந்த மேட்டை வில்லாளர்களுக்கென்று ஒதுக்கினார். அவருடைய மகன் இரண்டாம் பாயஸீத் அங்கே வில்லாளர்களுக்கு ஒரு தக்கியாவைக் கட்டிக் கொடுத்தார். நம் நாட்டில் தக்கியா என்றதும் ராத்திபும் திக்ரும் நினைவுக்கு வரும். இது வில் பழகுகிறவர்கள் கூடித் தொழுது, உண்டு, பயிற்சி பெற்ற இடம். தூரத்துக்கு எய்து சாதனை படைத்தவரின் அம்பு விழுந்த இடத்தில் எழுத்துப் பொறித்த ஒரு கல்லை நட்டு வைப்பார்கள். ஒரு காலத்தில் மேடு முழுவதும் இத்தகைய கற்கள் இருந்தன. வீடுகளும் தெருக்களும் வந்து மைதானத்தை விழுங்கிய பின் எஞ்சியவை கொஞ்சந்தான். சில கற்கள் மாடி வீடுகளுக்கு நடுவே வேலி போட்டு நிற்கின்றன. பக்கத்துக் கொடியில் துணி காய்கிறது. பழைய தக்கியா இருந்த இடத்தில் புதிதாகக் கட்டிய கட்டடங்கள் 2013 இல் திறக்கப்பட்டன. இப்போது அங்கே ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் வில் பழகுகிறார்கள். துருக்கியின் பாரம்பரிய வில்வித்தையை 2019 இல் யுனெஸ்கோவும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அந்தக் காலத்து வில்லாளர் ஒருவர் 'கப்ளா' எனப்படும் அனுமதியைப் பெறுவதென்றால் லேசான விடயமல்ல. பிஷ்ரெவ் என்ற மெல்லிய அம்பை 900 கெஸ் தூரம் எய்து காட்ட வேண்டும். ஒரு கெஸ் சுமார் 66 சென்ரிமீற்றர். கணக்குப் பார்த்தால் 594 மீற்றர். மரத்தாலான அம்பு அரைக் கிலோமீற்றருக்கும் அப்பால் போய் விழுகிறதென்றால், எய்தவருடைய தோளை மட்டும் புகழ்ந்தால் போதுமா? அதைச் செய்தவருடைய கைக்கும் ஒரு பங்கு இருக்கிறதல்லவா? ஓர் அம்பின் காரணமாக மூவர் சுவர்க்கம் புகுவார்கள் என்று உக்பா இப்னு ஆமிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. அந்த மூவரில், நன்மையை நாடி அம்பைச் செய்தவரும் ஒருவர்.

எங்களை ஏற்றுக்கொண்ட பட்டறை அந்த மேட்டிலிருந்து சிறிது தூரத்தில், ஓர் இறக்கத் தெருவின் கீழ்த்தளத்தில் இருந்தது. உள்ளே போனதும் பைன் மரத்தின் பிசின் வாசம். எங்கள் ஆசிரியர் அறுபதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை 'உஸ்தா' என்றார்கள். நம்முடைய உஸ்தாதின் கூடப்பிறந்த சொல். அவர் என்னை 'ஹோஜம்' என்று மரியாதையாக அழைத்தார். ஆனால் அந்த மரியாதை வேலை தொடங்கும் வரைக்குந்தான்.

முதலில் ஒரு கட்டுத் தண்டுகளைத் தந்தார். பைன் மரத்தில் உருட்டிச் சீவிய, எட்டு மில்லிமீற்றர் கனமுள்ள இருபத்துநான்கு தண்டுகள். பழைய காலத்தில் மரத்தைப் பிளந்து, சீவுளியால் கையாலேயே உருட்டினார்கள். அதைக் கற்க வருடங்கள் வேண்டும். எங்களுக்கோ இரண்டு நாட்கள். தண்டைக் கண்ணருகே பிடித்து மரத்தின் இழை எப்படி ஓடுகிறதென்று பார்க்கச் சொன்னார். ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை இழை நேராக ஓட வேண்டும். நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறினால் அந்தத் தண்டு ஆகாது. நாணின் வேகம் தாங்காமல் அவ்விடத்தில் முறியும்; முறிந்த கூர் வில் பிடித்த கைக்குள் ஏறும். உஸ்தா தன் இடது கையின் தழும்பைக் காட்டினார். இருபத்துநான்கில் ஐந்து அப்படியே விறகுப் பெட்டிக்குப் போயின.

பிறகு வளைவைப் பார்த்தோம். 66 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு முளைகள். தண்டை அவற்றின் மீது வைத்து நடுவில் 900 கிராம் அளவான ஒரு படியைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறதென்று முள் காட்டும். இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாணிலிருந்து புறப்படும் அம்பு விறைப்பாக நேரே போவதில்லை. மீனைப் போல வளைந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, அதன் பின்னரே நேராகிறது. அளவுக்கு மிஞ்சி விறைத்தாலும் விலகும், அளவுக்கு மிஞ்சி வளைந்தாலும் விலகும். ஒரே வில்லுக்குரிய அம்புகளெல்லாம் ஒரே அளவாக வளைய வேண்டும். மிஞ்சிய பத்தொன்பதில் ஒரே சீராக வளைந்தவை எட்டே எட்டு. எனக்கு மனம் கேட்கவில்லை. அரிசி புடைக்கும்போது உமியோடு குருணியும் போவதைப் பார்க்கும் மனநிலை.

இனித்தான் நான் தேடி வந்த விடயம்.

உஸ்தா ஒரு தண்டை இடக்கை நகங்களின் மேல் வைத்து வலக்கையால் உருட்டினார். கோணல் உள்ள தண்டு நகத்தின் மேல் தட்டித் தட்டித் துள்ளும். நேரானது சத்தமில்லாமல் சுழலும். பிறகு தண்டை ஒரு கண்ணால் நீளப் பார்த்தார். கோணல் இருந்த இடத்தைச் சிறு சுடருக்கு மேலே, கருகாத உயரத்தில், திருப்பித் திருப்பிக் காட்டினார். மரம் சூடேறியதும் இரு கைகளாலும் பிடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மெதுவாக அழுத்தி, நேரான நிலைக்குச் சற்று அப்பால் வரை வளைத்து, ஆறும் வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு மீண்டும் கண், மீண்டும் சுடர், மீண்டும் கை.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சுத்தியல் இல்லை, இறுக்கிப் பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. என் மனதிலிருந்த உவமை வேறாக இருந்தது. முறைப்பது, அதட்டுவது, நிமிர்த்திப் பிடித்துத் தள்ளுவது. ஜும்ஆ நாட்களில் என் குரல் அப்படித்தான் இருந்திருக்கிறது. முன் ஸஃப்பில் நிற்கும் வயோதிபர்களை, "இவ்வளவு சொல்லியும் விளங்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறேன். நுஃமான் (ரழி) அவர்களின் ஹதீஸைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அதிலே நபியவர்கள், தாங்கள் அதை விளங்கிக்கொண்டோம் என்று காணும் வரை நேராக்கி வந்தார்கள் என்றும் இருக்கிறது. அந்தப் பகுதியை நான் பாடத்தில் வேகமாகக் கடந்து போய்விடுவேன்.

நான் நேராக்கிய முதல் தண்டு கருகியது. இரண்டாவது அவசரத்தில் முறிந்தது. மூன்றாவது நேராக வந்துவிட்டதென்று பெருமையோடு நீட்டினேன். உஸ்தா அதை ஒரு மூலையில் சாய்த்து வைத்து, "நாளைக்குப் பார்ப்போம், ஹோஜம். மரத்துக்கு ஞாபகசக்தி உண்டு" என்றார். சொன்னது போலவே மறுநாள் காலையில் அது பழைய கோணலில் பாதியைத் திரும்ப எடுத்திருந்தது. ஒரு தண்டை ஒரு தடவை நேராக்கினால் வேலை முடிவதில்லை. இரண்டு மூன்று நாட்களுக்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டுமாம்.

தண்டின் பின்நுனியில் நாண் கொளுவும் குதையை வெட்டுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மர வளையங்களின் ஓட்டத்துக்குக் குறுக்காக அதை வெட்ட வேண்டும். ஓட்டத்தோடு வெட்டினால் நாணே கோடரியாகி மரத்தைப் பிளந்துவிடும்.

இறகு வேலையை அங்கே ஒரு பெண்மணி செய்துகொண்டிருந்தார். 'அப்லா' என்று அழைத்தார்கள். நாம் ராத்தா என்பது போல. துணைவியார் காலையிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிளேன்டி மாதிரியான தேநீரைச் சிறிய கண்ணாடிக் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொது மொழி எதுவுமில்லை. ஆனாலும் நான் போய்ப் பார்க்கும்போது துணைவியாரின் கையில் கத்தரிக்கோல் இருந்தது. "நீங்க தள்ளி இருங்க, மூச்சுக் காத்துக்கு இறகு பறக்குது" என்றார்.

வாத்து இறகின் நடுத்தண்டைப் பிளந்து, ஒரு பக்கத்தை எடுத்து, அடியைத் தேய்த்து மெல்லியதாக்க வேண்டும். ஓர் அம்புக்கு மூன்று இறகுகள். மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்திருக்க வேண்டும். வலச் சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், இடச் சிறகின் இறகு மறுபக்கம் வளையும். கலந்து ஒட்டினால் அம்பு தள்ளாடும். மூன்றில் ஒன்று குதைக்குச் செங்குத்தாக நிற்கும். அப்லா ஓர் இறகை வெட்டினார். அடுத்ததை அதன் மேலேயே பொருத்தி வைத்து, ஓரத்துக்கு ஓரம் சரியாக வெட்டினார். சட்டை தைக்கும்போது ஒரு கையை வெட்டி, அதையே மேலே வைத்து மறு கையை வெட்டுவீர்களே, அதே மாதிரி. எனக்கு மயிர்க் கூச்செறிந்தது. முன் சென்றோரின் வழிகளை அச்சொட்டாக நீங்களும் பின்பற்றுவீர்கள் என்ற எச்சரிக்கை முஸ்னத் அஹ்மதின் ஓர் அறிவிப்பில், இறகுக்கு இறகு பொருந்துவது போல என்ற உவமையோடு வருகிறது. அங்கே 'குத்தா' என்ற சொல்லுக்கு அர்த்தம் என் துணைவியாரின் மடியில் கிடந்தது.

அந்த இரு பெண்களையும் பார்த்தபோது எனக்கு உம்முல் பள்ல் (ரழி) அவர்களின் ஞாபகம் வந்தது. அப்பாஸ் (ரழி) அவர்களின் மனைவி. பத்ருப் போரின் செய்தி மக்காவுக்கு வந்த நாளில் அவர்கள் ஸம்ஸம் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அபூ ராஃபிஃ (ரழி) அம்புத்தண்டுகளைச் சீவிக்கொண்டிருந்தார். இப்னு ஹிஷாமின் ஸீராவில் அவர் வாயாலேயே இந்த நிகழ்ச்சி வருகிறது. (அவர் சொல்லும் 'அக்தாஹ்' என்ற சொல்லுக்குக் கிண்ணங்கள் என்றும் பொருள் கொள்ள இடமுண்டு, எங்கள் உஸ்தாத்மார் அம்பென்றே சொல்லித் தந்தார்கள்.) அபூலஹப் வந்து உட்கார்ந்தான். போர்க்களத்தில் வெண்ணிற மனிதர்களைக் கண்டதாக ஒருவர் சொல்ல, அபூ ராஃபிஃ தன்னை மறந்து, அவர்கள் மலக்குகள் என்று சொல்லிவிட்டார். அபூலஹப் அந்தப் பலவீனமான மனிதரைத் தூக்கி நிலத்தில் போட்டு அடித்தான். உம்முல் பள்ல் எழுந்து அங்கிருந்த ஒரு கம்பத்தைப் பிடுங்கி அவன் தலையில் போட்டார்கள். எஜமான் இல்லாத நேரம் பார்த்தா இவரிடம் வீரம் காட்டுகிறாய் என்று கேட்டார்கள். தலை பிளந்த நிலையில் போனவன் ஏழு நாட்களுக்கு மேல் வாழவில்லை. துணைவியாரிடம் இதைச் சொன்னேன். மாணவர் அப்லாவுக்கு மொழிபெயர்த்தார். அப்லா கம்பம் எவ்வளவு நீளம் என்று கேட்டார்!

இரண்டாம் நாள் பிற்பகல் முனை பொருத்தும் வேலை. இப்போது பழகுபவர்களின் அம்புகளில் தொப்பி போல மாட்டும் முனைகளே பெரும்பாலும் இருக்கின்றன. நான் பழைய முறையைக் கேட்டேன். இரும்பு முனைக்கு அடியில் மெல்லிய வால் இருக்கும். தண்டின் முன்நுனியில் துளையிட்டு அந்த வாலை இறக்க வேண்டும். இறக்கி, வச்சிரப் பசையும் விட்டேன். காய்ந்ததும், மேலே எதுவும் சுற்றாமல், பட்டறை மூலையிலிருந்த மரக்குற்றியில் ஓங்கிக் குத்தச் சொன்னார் உஸ்தா. குத்தினேன். 'டக்' என்ற சத்தம். இரும்பு பின்வாங்கித் தண்டுக்குள் இறங்கியது; தண்டு ஒரு சாண் நீளத்துக்கு இரண்டாகப் பிளந்தது.

ஆப்பு. ஓடாவியின் மகன் கேட்டது இதைத்தான்.

உஸ்தா சிரித்துவிட்டு ஒரு பெட்டியைத் திறந்தார். மாட்டின் காலிலிருந்து எடுத்துக் காயவைத்த தசைநார். அதை மரச் சுத்தியலால் தட்டி நூல் நூலாகப் பிரித்து, வெந்நீரில் நனைத்து, பசையில் தோய்த்து, அடுத்த தண்டின் முன்நுனியில் நெருக்கமாகச் சுற்றினார். முடிச்சே தேவையில்லை, தன் பசையிலேயே ஒட்டிக்கொள்கிறது. காயக் காய நார் சுருங்கி மரத்தை நெரித்துப் பிடிக்கும். மஃரிபுக்குப் பிறகு அதையும் குற்றியில் குத்தினேன். இரும்பு அசையவில்லை, மரமும் பிளக்கவில்லை. இதுதான் ரிஸாஃப்.

அந்தக் கட்டை விரலால் தடவியபோது ஹதீஸின் இன்னொரு இடமும் தெளிந்தது. இரும்பைத் துடைத்தால் இரத்தம் போய்விடும். நாருக்குள்ளும் இறகுக்குள்ளும் ஊறினால் லேசில் போகாது. அப்படியிருக்க, முனையைப் பார்த்தாலும் ஒன்றுமில்லை, நார்க் கட்டைப் பார்த்தாலும் ஒன்றுமில்லை, தண்டிலும் இல்லை, இறகிலும் இல்லை என்று முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகிறது. அவ்வளவு வேகத்தில், எதுவும் ஒட்டாமல் வெளியேறிப் போனவர்கள். அம்போடு வாழ்ந்த மக்களுக்கு இதைக் கேட்டவுடனே உடல் நடுங்கியிருக்கும். நாங்கள் நாலு சொல்லுக்கு நாலு அர்த்தம் எழுதிக்கொண்டு பக்கத்தைப் புரட்டினோம்.

முடிந்த அம்புகள் மூன்று. அவற்றைப் பட்டறையிலேயே விட்டு வந்தேன். விமானப் பயணத்தில் முனையுள்ள எதையும் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை. இறகு ஒட்டிய, முனையில்லாத ஒரு தண்டையும், பிளந்துபோன அந்தத் தண்டையும் மாத்திரம் முஸல்லாவுக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். துணைவியாரின் கையில் அப்லா கொடுத்த மூன்று இறகுகள் இருந்தன. வீட்டில் அவை இப்போது தையல் பெட்டிக்குள் இருக்கின்றன.

ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரங்களின் பின் கிழக்குக்குப் பஸ் ஏறினேன். அவருடைய வேலைத்தலத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை; அந்தப் பக்கத்தில் கதவு, யன்னலென்றால் எல்லோரும் அவரிடந்தான் வருகிறார்கள். தாடியில் மரத்தூள். என்னைக் கண்டதும் பதறிப்போய்க் கதிரையைத் துடைத்தார். "ஹஸ்ரத், சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே" என்றார்.

பிளந்த தண்டை முதலில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சிரித்து, "பிளந்திட்டுதானே?" என்றார்.

"பிளந்துவிட்டது. நார் கட்டாமல் குத்தினேன்" என்றேன். அன்றைக்கு வகுப்பில் நான் சொன்னது பிழை என்றும், எனக்குத் தெரியாமலிருந்ததை மறைத்தேன் என்றும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அதெல்லாம் என்னத்துக்கு ஹஸ்ரத், தேத்தண்ணி குடிப்போம்" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

இறகு ஒட்டிய தண்டை அதன் பிறகு கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளப் பார்த்தார். நகத்தின் மேல் வைத்து உருட்டினார். இதை அவருக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. "நல்ல வேலை. ஆனா நடுவில ஒரு சின்னக் கோணல் இருக்குது. நம்மட ஊர்க் காத்துல ஈரம் கூட, அதான்" என்றார்.

பிறகு பசை காய்ச்சும் அடுப்பருகே போய் உட்கார்ந்து, தண்டை நெருப்புக்குச் சற்று மேலே மெதுவாகத் திருப்பத் தொடங்கினார்.